பூப்பக்கத்து விரிசல்

அவளுக்குக் கழுத்து இற்றுப்போனது. கண் எரிந்தது. அருங்காட்சியகத்துப் பின்னறை மேஜையில் பழைய ரோமானியச் செப்புக்காசுகள் தட்டுத் தட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு. அவற்றை ஆராய்ந்து சொல்வது அவள் வேலை.

"அண்ணி, இன்னொரு தடவை பாருங்களேன்," என்றான் கொழுந்தன். காசுகளைத் தோண்டியெடுத்தவன் அவன்தான். முட்டி வரை மண். "இன்னிக்கே குழியை மூடிடுவாங்க. அதுக்கு மேல ரோடு போட்டாச்சுன்னா, ரெண்டு வருஷ உழைப்பு அம்போ!"

"காலையிலயே ரோடு இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேனே. யாரோ தவறவிட்ட சில்லறை. அதுல பாதி அந்தக் காலத்துக் கள்ளக்காசு. சில்லறைத் தட்டுப்பாடு வந்தப்போ ஊருக்கு ஊர் அடிச்சுவிட்டிருக்கானுங்க."

"அந்தக் குழியிலயே அடிச்சிருந்தா?"

"அப்படின்னா ஒரே அச்சுல விழுந்த காசு சேர்ந்து கிடைக்கணும். ஒரு ஜோடிகூட இல்லை. உங்க குடும்பமே இப்படித்தான், பிடிச்சா விடமாட்டீங்க."

"அண்ணன் உங்களைப் பிடிச்சான், விட்டானா?"

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ராஜா தலை இருக்கும் பக்கம் முடிந்தது; பின்னால் பூப்பக்கத்தைப் படமெடுக்கும் வேலை மட்டும் பாக்கி. ஒவ்வொரு காசாகத் திருப்பிப்போட்டாள்.

முதல் தட்டில் ஒரு காசு. கொடிக்கம்பத்தின் இருபுறமும் இரண்டு சிப்பாய்கள். இடது சிப்பாயின் தோளிலிருந்து விளிம்பு வரை மயிரிழையாய் ஒரு கோடு. அச்சில் விழுந்த விரிசல்.

அடுத்த தட்டு. அதே சிப்பாய். அதே கோடு!

மூன்றாவது தட்டிலும்.

சட்டென்று நிமிர்ந்தாள். தலையைப் பார்த்து, ராஜாவுக்கு ஒரு தட்டு என்று பிரிப்பது இந்தத் தொழிலின் பழக்கம். அச்சையும் அந்தந்தத் தட்டுக்குள்ளேயேதான் ஒப்பிட்டிருந்தாள். கள்ளக்காசு அடித்தவனுக்கு எந்த ராஜாவாக இருந்தால் என்ன? கைக்கு வந்த தலையோடு கைக்கு வந்த பூவைச் சேர்த்து அடித்துத் தள்ளியிருக்கிறான். மூன்றிலும் தேய்மானமே இல்லை. ஒருவர் கையும் பட்டதில்லை; அடித்த இடத்திலேயே கிடந்திருக்கின்றன.

"உருவமே இல்லாம சில மொட்டை வில்லை இருந்துச்சே, எங்கடா?"

"கழிவுப் பெட்டியில. நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"அடிக்கிறதுக்காக வெட்டி வச்ச வில்லைடா அது!"

போனை எடுத்தாள்.

"மேடம், காலையில ஒண்ணுமில்லைன்னீங்க!" இன்ஜினியர் குரலுக்குப் பின்னால் லாரி உறுமியது.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். என் தப்புதான். அது காசடிச்ச பட்டறை. மூடாதீங்க."

"ரெண்டு லோடு கொட்டியாச்சே!"

"மூணாவது வேண்டாம்."

"மேலிடத்துல கேட்டா?"

"என் பேரைச் சொல்லுங்க. நானே வந்து பதில் சொல்றேன்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. பிறகு யாரையோ பார்த்து அதட்டல்: "ஏய், நிறுத்துய்யா!" லாரியின் உறுமல் அடங்கியது.

கொழுந்தன் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தான். "ரெண்டு லோடையும் நான்தான் அள்ளணும் அண்ணி!"

"அள்ளு. நான் மட்டும் இங்கே தூங்கவா போறேன்?"

எல்லாத் தட்டுகளையும் மேஜைமேல் ஒரே குவியலாகக் கவிழ்த்தாள். கழுத்தை ஒருமுறை பிடித்துவிட்டுக்கொண்டு, பூப்பக்கம் மேலிருக்கும்படி முதல் காசை எடுத்து வைத்தாள்.