உள்பக்கத் தாழ்ப்பாள்

வீட்டு மோட்டாரை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான்: யாரிடமும் சொல்லாமல் கிளம்புங்கள். நாங்கள் சொல்லிவிட்டோம். அதனால்தான் நாலு பேர் போகிற வண்டியில் பதினோரு பேர் போனோம்.

1937-ஆம் வருஷம், சித்திரை மாதம். எனக்கு அப்போது இருபது வயது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். சமணக் குடும்பம், வீட்டில் பதினேழு தலை. என் கணவருக்கு மல்லாட்டை வியாபாரம், அதாவது வேர்க்கடலை. அவர் பெயர் சாந்திராஜ். அந்தக் காலத்தில் இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. இப்போது கிழவியாகிவிட்டேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்தும் குழந்தை இல்லை. எங்களுக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் பாதி மல்லாட்டை மூட்டை. கொல்லைக்குப் போகிறவர்கள் அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். கதவு இருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. கொல்லைக்குப் போக ஒருவர் வருவார், செம்பைத் தேடி ஒருவர் வருவார், மூட்டையில் எலி புகுந்துவிட்டதா என்று பார்க்க ஒருவர் வருவார். பாதி நாள் என் கணவர் இதில் திண்டாடுவதை விடக் கொட்டகையே தேவலை என்று மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார். இந்த அழகில், "இன்னா குசுமா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பவர்களும் அதே ஆட்கள்தான். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இருக்காது.

மாமியார் பெயர் ஜெயமதி. நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மாமா உட்பட யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மைலத்துக்குப் பக்கத்தில் பெரமண்டூரில் அவருடைய தம்பி இருந்தார். தம்பிக்கு ஒரு பெண், என் கணவருக்கு முறைப்பெண். "ஆவணி வரைக்கும் பாக்கலாம். அப்பறம் பெரமண்டூர்ல கேக்க வேண்டியதுதான்" என்று அத்தை கிணற்றடியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ. ஆவணிக்கு நாலு மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் என் கணவர் மல்லாட்டை விற்கத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய்விட்டு வந்து, அங்கே பார்த்த அதிசயத்தைச் சொன்னார். பாலம் கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர், முகாம் போட்ட இடமெல்லாம் கூடவே இருக்கட்டும் என்று ஒரு லாரியின் மேல் வீடு கட்டி வைத்திருந்தாராம். அவர் சீமைக்குத் திரும்பியபோது மாசிலாமணி என்பவர் அதை வாங்கி வாடகைக்கு விடுகிறாராம்.

"ரெண்டு பேர் படுக்க ரெண்டு பலகை. மடக்கற மேசை. மேல தண்ணித் தொட்டி, கீழ குழாய். தொறந்தா தண்ணி கொட்டுது. மண்ணெண்ணெய் அடுப்பு. சன்னலுக்குத் திரை" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"கதவு?" என்றேன்.

"இருக்குது. உள்பக்கம் பித்தள தாழ்ப்பா. கெட்டியா வுழுது."

எனக்கு அது போதும். தெற்கே திருநறுங்கொண்டைக்குப் போய் அப்பாண்டைநாதரிடம் குழந்தை வரம் கேட்கலாம், மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வரம் கேட்பது பொய்யில்லை. ஆனால் போகும் வழியில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்து பார்க்கலாம் என்கிற ஆசையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாமி காரியம் என்றதும் வினை ஆரம்பித்தது. அத்தை வருகிறேன் என்றார். அத்தை வந்தால் மாமா வர வேண்டும். கொழுந்தனார் சுமதிகுமார், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள் மூன்று. கடைசியில் பெரியத்தை என்று நாங்கள் கூப்பிடும் மாமாவின் அக்காவும், அவருக்குத் துணையாக இன்னொருவரும். அழைக்காமலே நிறைந்துவிட்டது பந்தி.

வண்டியோடு வந்த டிரைவர் இருதயராஜ் எங்கள் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மலைத்துப் போனான். எங்கள் ஆண்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். "நயினாரே, நாலு பேருக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கிறாரு" என்றான்.

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம்ப்பா" என்றார் மாமா.

"ஒரே குடும்பம்னா ஒரே ஆளா? இன்னா பேஜாரு இது" என்று முணுமுணுத்தபடி டயரைக் காலால் எட்டி உதைத்துப் பார்த்தான்.

அடுத்தது கழுவுதல். வெள்ளைக்காரன் அதில் என்னவெல்லாம் சமைத்தானோ என்று அத்தை வாசலைத் தாண்டவே மறுத்துவிட்டார். பலகை, மேசை, சுவர் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்து ஐந்து முறை கழுவினோம். கழுவித் துடைத்து முடிக்கப் பகல் பன்னிரண்டு. தொட்டித் தண்ணீர் வடிகட்டாத தண்ணீர், அதில் சிற்றுயிர்கள் இருக்கும், அதைத் தொடக் கூடாது. ஆகவே துணியில் வடிகட்டிய தண்ணீர் நாலு குடம் ஏறியது. மண்ணெண்ணெய் அடுப்பு ஆகாது என்று ஒரு மண் அடுப்பும் விறகும் ஏறின. மடக்கு மேசையை விரிக்க இடமில்லை. வாடகை கொடுத்து எடுத்த வண்டியில் நாங்கள் பயன்படுத்தியது சக்கரங்களை மட்டும்தான்.

அத்தைக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்ற பத்துப் பேரும் பின்னால். பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் வாயில் எதையும் போட மாட்டோம், அது எங்கள் தர்மம். விக்கிரவாண்டிச் சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, சூரியனோடு பந்தயம் கட்டிக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டோம். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் தங்கல். பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள்ளே, ஆண்கள் வண்டிக்கடியில் பாய் போட்டு. எனக்கு மேலே பெரியத்தை, கீழே மூன்று பிள்ளைகள். பித்தளைத் தாழ்ப்பாள் என் தலைமாட்டில் பளபளத்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்தே போடச் சொல்லிவிட்டார் அத்தை.

மறுநாள் திருநறுங்கொண்டையில் பாறைப் படிகளை ஏறிச் சாமியைப் பார்த்தோம். எல்லாரும் எனக்காக வேண்டிக்கொண்டார்கள். பெரியத்தை சத்தம் போட்டே வேண்டினார், கோயில் முழுக்கக் கேட்டது. இறங்கும்போது அத்தை என் பக்கத்தில் வந்தார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

"இன்னா வேண்டிக்கின?" என்றார்.

சந்நிதியை விட்டு இறங்கிப் பத்துப் படிகூட ஆகவில்லை. அங்கே நின்றுகொண்டு எப்படிப் பொய் சொல்வது? மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

"உள்பக்கம் தாழ்ப்பா வச்ச ஒரு ரூமு வேணும்னு வேண்டிக்கினேன் அத்த. அது இருந்தா மத்தத நாங்க பாத்துக்குவோம்" என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடென்று படியிறங்கிப் போய்விட்டார். வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொண்டேன், இனி ஆவணி வரைகூடத் தாங்காது என்று நினைத்தேன். அன்று விழுப்புரத்துக்குத் திரும்பும் வரையிலும், அங்கே படுத்து எழுந்த பிறகும், அத்தை என்னிடம் பேசவே இல்லை.

மூன்றாம் நாள் மாலை ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி தாண்டி, மைலத்துக்குப் பிரிகிற சாலை வந்தது. அங்கே ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. சூரியன் இரண்டு பனை உயரத்தில் இருந்தது.

அத்தை இறங்கிப் பின்பக்கம் வந்தார். "எல்லாரும் எறங்குங்க. பொழுது சாயறதுக்குள்ள பெரமண்டூர் போயிடலாம். தம்பி வூட்ல ராச்சாப்பாட்ட முடிச்சிக்கினு காலையில வரலாம்" என்றார்.

வண்டி கெட்டுப்போய்விட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ பெரமண்டூர் என்றதும் புரிந்துவிட்டது. பெண் கேட்கத்தான் போகிறார். நேற்று நான் பேசிய பேச்சுக்கு இன்றைக்கே தீர்ப்பு.

கொழுந்தனார் என் கணவரைக் கூப்பிட்டார். அத்தை தடுத்தார். "வண்டிக்குக் காவல் வேணும். சாந்தி இருக்கட்டும். அவன் ஒருத்தன் தனியா இன்னா பண்ணுவான், குசுமாவும் இருக்கட்டும்."

"டிரைவர் இருக்கானே" என்றார் மாமா.

"அவன் குடத்தத் தூக்கியாரணும்" என்றார் அத்தை. அத்தோடு பேச்சு முடிந்தது.

போகும்போது ஒரு மூட்டையை என் கையில் திணித்தார். அவல், வெல்லம், நாலு வாழைப்பழம். "வெளிச்சம் இருக்கறப்பவே துன்னுடுங்க" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

வரப்பில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் போய் மறைந்தார்கள். பெரியத்தையின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. நான் அவ்வளவு அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை.

என் கணவர் மடக்கு மேசையை விரித்தார். குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. குடத்துத் தண்ணீரில் அவலை நனைத்து வெல்லம் போட்டு மேசையில் வைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். வீட்டில் ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் சாப்பிடுவோம்; அவர் சாப்பிடுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பழத்தைக் கடிக்க மாட்டார், விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொள்வார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பெரமண்டூர் பொண்ணக் கட்டிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் பழத்தைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஆவணியில."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். பாவம், உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. மூட்டைக் கணக்கு தெரிந்த அளவுக்கு அவருக்கு வீட்டுக் கணக்கு தெரியாது. பிறகு, "நீயா எங்கிட்ட ஒரு பேச்சு பேசினதில்ல. நான் கொட்டகைக்குப் போறது உனக்கு நல்லதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்? உனக்கு என்னப் புடிக்கலன்னு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ரூமுல பத்து பேரு நடந்துக்கினு இருந்தா எங்க பேசறது?" என்றேன். சூரியன் இறங்குவதற்குள் அவலை முடிக்க வேண்டுமே என்று அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் தன் பங்குப் பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பொழுது சாய்ந்தது. நான் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். கெட்டியாக விழுந்தது.

காலையில் அவர்கள் திரும்பி வந்தார்கள். இருதயராஜ் முன்னால் போய்க் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரே சுற்று, வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நேத்து இன்னா ஆச்சு இதுக்கு?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு இன்னாம்மா, ராஜா மாதிரி இருக்குது. பெரியம்மா நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன்" என்றான்.

அத்தை அன்று முன்னால் உட்காரவில்லை. பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதவில் இருந்த தாழ்ப்பாளைத் தள்ளினார், இழுத்தார், மறுபடியும் தள்ளினார்.

"வேற எடம் பாத்துக்கச் சொல்லி தம்பிகிட்ட சொல்லிட்டேன்" என்றார், தாழ்ப்பாளிடம் சொல்வதுபோல. அத்தை மேலும் சொன்னார்: "நான் இந்த வூட்டுக்கு வந்து முப்பத்தோரு வருசம். நாலு பெத்தேன். உங்க மாமாகிட்ட நான் சிரிச்சுப் பேசினது மொத்தமாச் சேத்தாலும் ஒரு நாளுக்கு வராது. எந்த நேரத்துல யாரு வருவாங்களோன்னு வாசக்கதவப் பாத்துக்கினே காலம் போயிடுச்சி. அதுக்கு இன்னா பேருன்னு எனக்குத் தெரியல. நீ படிமேல நின்னு சொன்ன பாரு, அப்பதான் தெரிஞ்சிது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் நான் அவர் கையைத் தொட்டதே கிடையாது. விறகு மாதிரிக் காய்த்துப் போயிருந்தது.

எனக்கு மூத்தவள் பிறந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. அதுவரை யாரும் விசேஷம் கேட்கவில்லை. கேட்க அத்தை விடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்த வாரமே அறையிலிருந்த மூட்டைகள் கொட்டகைக்குப் போயின. சுவரை இடித்துக் கொல்லைக்கு வேறு வழி வைத்துவிட்டார்கள்.

ஆனால் அன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். திண்டிவனம் கடைத்தெருவில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். வண்டியில் விழித்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக இறங்கி இரும்புக் கடைக்குப் போனார். பித்தளைத் தாழ்ப்பாள் கேட்டார். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். அத்தை திரும்பி வண்டியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த மாமாவை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு குடு" என்றார்.