வெற்றிலை வைத்து அழைத்த வெயில்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே வேலுமணியின் தறிப்பட்டறை மேல் மட்டும் பங்குனியிலிருந்து ஐப்பசி வரை பொழுது சாயவில்லை. அதே மாதங்களில் கோழித்தீவன விலை ஏறியது, முட்டை விலை ஏறி இறங்கியது. மற்ற இடங்களில் வழக்கம்போல இருட்டியது. பட்டறைக் கூரையில் மட்டும் சாயங்காலம் நான்கு மணி வெயில் அப்படியே நின்றது. நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர்கள் அந்த இடம் வந்ததும் லைட்டை அணைத்து, தாண்டியதும் போட்டுக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணையில் பட்டறையை ஒட்டிய கூண்டுக் கோழிகள் ராத்திரியும் முட்டையிட்டன.

அதற்கு முன்னால் அந்தப் பட்டறையில் தறிகள் ராப்பகலாக ஓடின. அங்கே தறி ஓட்டிய வீரனுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்தே ராத்திரி ஷிப்ட். அவன் மனைவி ராசம்மாள் கோழிப்பண்ணைக்குப் பகல் வேலைக்குப் போனாள். ஒரே பாயில் இருவரும் முறைவைத்துப் படுத்தார்கள். பகலில் அவன் தூங்கியதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. ஓட்டுக்கூரைக்குக் கீழே புழுங்கிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தான், அவ்வளவுதான். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போய், தறி ஓட்டுவதைவிட நிறுத்திவைப்பதே மேல் என்று ஆனபோது, வேலுமணி சேலத்திலிருந்து இஜாஸ் என்கிற ஃபிட்டரை வரவழைத்துக் கூரை முழுக்க சோலார் தகடு போட்டார். ஆட்களைக் கூட்டிவைத்து, "இனிமே ராத்திரி ஷிப்ட் கெடையாது. பொழுது எறங்குனா தறி நிக்கும்" என்றார். வீரன் அதை வீட்டில் போய்ச் சொன்னான். ராசம்மாள் அன்றைக்கே இன்னொரு தலையணை வாங்கிவந்தாள்.

வேலுமணி எதையும் முறையாகச் செய்கிறவர். ஏணியில் ஏறித் தகட்டின்மேல் தாம்பாளத்தை வைத்தார். வெற்றிலை பாக்கு பழத்தோடு, கல்யாணத்துக்குப் பங்காளிகளை அழைப்பதுபோலக் கைகூப்பி, "சாமி, நம்மூட்டு வேலை. நீங்க வந்துதான் நடத்திக் குடுக்கோணும்" என்றார். சூரியன் வந்தது. சாயங்காலமாகியும் அது போகவில்லை.

இஜாஸை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ஒயர்களை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம சாமான்ல ஒண்ணும் கோளாறில்லீங்க. சூரியன்தான் கெளம்ப மாட்டேங்குது. அதுக்கெல்லாம் கம்பெனில வாரண்டி கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். ராத்திரி தறியை நிறுத்துவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று வீரன் தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டான்.

"நாஞ்சொன்ன சொல்லு மாறலயே வீரா. பொழுது எறங்கட்டும், அந்த நிமிசமே நிறுத்திக்கலாம்."

"அது எறங்கலீங்களே."

"அப்ப நானென்ன பண்றது? ஓட்டு."

மற்ற ஆட்கள் ஒவ்வொருவராகச் சங்ககிரிப் பக்கம் லாரி வேலைக்குப் போய்விட்டார்கள். வீரனும் போயிருக்கலாம். ஆனால் இன்றைக்கு எப்படியும் இறங்கிவிடும் என்று தினமும் நினைத்தான். அப்படி நினைக்கிறவனுக்கு ஒரு வேலையை விட்டுப் போகத் தெரியாது. நூல் மூட்டைமேல் சாய்ந்து, தறியில் நூலோடு நாடா குறுக்கே போய்வரும் சத்தத்துக்குள்ளேயே கொஞ்சம் கண்ணயர்ந்து, நூல் அறுந்தால் எழுந்து முடிச்சுப் போட்டான். ராசம்மாள் இரண்டு வேளையும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். புதுத் தலையணை உறை கசங்காமல் கிடந்தது.

முதலில் களைத்தது வீரனின் நிழல்தான். ஆவணியில் ஒருநாள் அது அவன் காலைவிட்டுப் பிரிந்து, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தறி ஓடிக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்து வேட்டியாக நெய்துவிட்டது. அந்த வேட்டி சேலத்தில் மொய்தீன் பாய் கடைக்குப் போய், ஐப்பசியில் திரும்பி வந்தது. பாயே கூட வந்திருந்தார்.

"மொதலாளி, வேட்டில ஆளு படுத்திருக்குதுங்க. மூணு தடவ தொவைச்சாச்சு, எந்திரிக்க மாட்டேங்குது."

சோறு கொண்டுவந்த ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் உருவம். அவளுக்கு அடையாளம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு ஊட்டுல படுத்து எத்தன மாசமாச்சு. இங்க உங்க வேட்டில வந்து படுத்திருக்கறாரு."

அவள் கூரைமேல் நின்ற சூரியனைப் பார்த்துக் கேட்டாள்: "இவர யாருங்க கூப்புட்டது?"

"நாந்தான். வெத்தலபாக்கு வெச்சு முறையாத்தான் கூப்புட்டேன்."

"அனுப்பிச்சு வெச்சீங்களா?"

அப்போதுதான் அது எல்லோருக்கும் உறைத்தது. வெற்றிலை வைத்து அழைத்தவர் வாயால் சொல்லாமல், வந்தவர் எப்படிக் கிளம்புவார்? மொய்தீன் பாய்கூட, "அதான, எங்கூட்லயும் அப்படித்தானுங்க" என்றார். வேலுமணியின் முகம் சுருங்கியது. "போகச் சொல்லி, நாளைக்கு வராமப் போயிட்டா? மறுபடி கரண்டுக்காரங்ககிட்டல்ல நிக்கோணும்" என்றார்.

"போங்கன்னா சொல்லச் சொல்றேன்? போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க. வாங்கங்கறது அதுலயே இருக்குதுல்ல" என்றாள் ராசம்மாள்.

வேலுமணி வேட்டியில் தூங்குகிறவனைப் பார்த்தார். பிறகு தறிக்குப் பக்கத்தில் நிழலில்லாமல் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தார். ஏணியில் ஏறினார். கைகூப்பி, மெதுவாக, "போயிட்டு வாங்க சாமி" என்றார். சூரியன் அதற்காகவே காத்திருந்ததுபோல இறங்கிப் போனது. தறி நின்றது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி லைட்டைப் போடாமல் கொஞ்ச தூரம் தடுமாறிப் போயிற்று.

அன்றைக்கு ராசம்மாள் அந்த வேட்டியைப் பாய்மேல் விரித்தாள். வீரன் அந்த உருவத்துக்குள்ளேயே சரியாக முழங்காலை மடக்கிப் படுத்தான். அவள் பக்கத்தில் படுத்தாள். விடிந்து எழுந்தபோது நிழல் அவன் காலோடு வந்தது. வேட்டி வெள்ளையாக இருந்தது. அதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான், சூரியனும் வந்திருந்தது.

கரண்ட் விலை அதற்குப் பிறகும் ஏறியது. வேலுமணி தினமும் சாயங்காலம் ஏணியில் ஏறிச் சொல்லி அனுப்புகிறார். வெளியூர் போயிருந்தால் போனில் கூப்பிடுவார். வீரன் ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடிப்பான். பொழுது இறங்கும். அவன் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடப்பான்.