முடியாது என்றும் சொல்லலாம்

தங்கச்சியைத் தடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் அக்கா அன்றைக்குப் பணிமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் பேருந்து ஓட்டுபவள். குடும்பத்தில் யார் எதை ஆரம்பித்தாலும் குறுக்கே விழுந்து நிறுத்துவாள் என்பதால் சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கு. நேரில் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கு அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெற்ற பிள்ளையை வளர்க்க என்னால் ஆகாது என்று சட்டப்படி சொல்லிவிடலாம் என்ற ஏற்பாடு வந்தபோது ஊர் இரண்டுபட்டது. இதெல்லாம் அடுக்குமா என்று ஒரு கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. வேண்டாதவர் கையில் வளர்வதைவிட வேண்டும் என்பவர் கையில் வளரட்டுமே என்றது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் தொண்டை வற்றக் கத்தியதே தவிர, அப்படிச் சொல்வதற்கென்று ஒதுக்கிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, குரலைப் பதிவு செய்யும் கருவி, கறகறவென்று சுற்றும் மின்விசிறி, ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் அதிகாரி. கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் வேலை அங்கே நடக்காது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது பதிவாகி, வளர்க்கப் போகிறவர் கைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் முடியாது என்ற சொல்லுக்கு அனுமதி. நெருங்கிய சொந்தம் யாராவது ஆட்சேபித்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அக்கா வந்தது அதற்குத்தான்.

குழந்தையின் அப்பா முன்னமே வந்து தன் பங்குக்கு முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மோட்டுவளையைப் பார்த்துப் பார்த்து அவன் சொன்னது, "தலைமுடி நிறைய இருக்கு," என்பது மட்டும்தான். தங்கையும் அதே லட்சணம்தான் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள். அந்தப் பொடிசுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது அக்கா. குளிப்பாட்டுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் அக்கா. தங்கை பால் கொடுப்பாள். கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோதே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"உள்ள போய் வாயைத் திறந்தே, நான் ஆட்சேபம் சொல்லிடுவேன். பெத்தா வளர்க்கணும். அம்மா நம்மள விட்டுட்டா போனா?"

தங்கை தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "போகல. இருக்கவும் இல்லையேக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அம்மா வீட்டில்தான் இருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. ஆனால் அம்மா என்றதும் நினைவுக்கு வருவது அடுப்பைப் பார்த்து நிற்கும் ஒரு முதுகுதான். தங்கை பிறந்த புதிதில், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் அவளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்ட முதுகு அது.

உள்ளே கூப்பிட்டார்கள். பட்டாணியை மனசில்லாமல் தங்கையின் மடிக்கு மாற்றிவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு கருவியைத் தட்டிவிட்டார்.

"தெரிஞ்சதைச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

தங்கை குழந்தையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இடது காதை மூடினாத்தான் தூங்குவா. வலது காது எப்படி இருந்தாலும் பரவாயில்ல. குக்கர் விசிலுக்கு அழ மாட்டா, பிளாஸ்டிக் பை கசங்கினா அழுவா. பசியில அழறப்போ நாக்கு மேல ஒட்டிக்கும், வயித்து வலின்னா கீழயே கிடக்கும். வலது கண்ணு கொஞ்சம் சோம்பேறி. இடது பக்கமா வெளிச்சம் காட்டினா ரெண்டும் சேர்ந்து திரும்புது. பயப்பட வேண்டாம், ஆனா ஒரு டாக்டர்கிட்ட காட்டணும். அக்கா தோள்ல போட்டா உடம்பைத் தளர விட்டுடறா. என்கிட்ட வந்தா விறைச்சுக்கறா. நான் பயப்படறது அவளுக்குத் தெரியுது."

நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி மூக்கைச் சிந்தவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் இதையெல்லாம் எப்போது பார்த்தாள்? நாளெல்லாம் தூக்கிச் சுமந்த தனக்கே அந்த நாக்கு சங்கதி தெரியாது. தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். அந்தக் கண்ணால் குழந்தையைப் பார்த்திருக்கிறாள், தன்னைத்தானே கூடப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள். பட்டாணியிடம் இதற்கு மேல் யார்தான் அக்கறை காட்டியிருக்க முடியும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே உங்களுக்கு," என்றார் அதிகாரி.

"தெரியுதுங்க. தெரிஞ்சும் முடியல. நான் இருந்தா எங்கம்மா மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். அது இவளுக்கு வேண்டாம். என்னால முடியாது."

அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார். "ஆட்சேபம் இருக்கா?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை அக்கா எடுக்கவில்லை.

"இல்லைங்க," என்றாள். பிறகு அவசரமாக, "பட்டாணியை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. நான் இருக்கேன். நான்தானே செய்யணும்."

"செய்யணும்னு ஒண்ணும் இல்லம்மா. உங்களையும் கேட்கணும், அதுதான் இங்க முறை. இவளை வளர்க்க உங்களுக்கு இஷ்டமா? முடியாதுன்னும் சொல்லலாம். ஏன்னு யாரும் கேட்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அக்காவின் ஆயுசில் அவளிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. எல்லாமே மடியில் வந்து விழுந்தவைதான். தங்கை விழுந்தாள், வீடு விழுந்தது, கடைசியில் அம்மாவின் நோயும் விழுந்தது. எதையும் அவள் கீழே போடவில்லை. போடலாம் என்றே அவளுக்குத் தெரியாது. இப்போது ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி, சாதாரணமாக, முடியாது என்றும் சொல்லலாம் என்கிறார்.

அந்தச் சொல்லை அவள் நிஜமாகவே எடுத்துப் பார்த்தாள். அதிகாலை வண்டிக்குக் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை இல்லை. முழுத் தூக்கம். வீட்டில் தன் ஒருத்தியின் தட்டு மட்டும். சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது, யாரும் வழி மறிக்கவில்லை. வழி அவ்வளவு விசாலமாகத் திறந்து கிடந்தும் தனக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதைக் கண்டபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வயதில் முதல் தடவையாக அவளாக ஒன்றைக் கேட்கப் போகிறாள்.

"வேணும்," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

வெளியே வந்து படியிறங்கும்போது பட்டாணி அக்காவின் தோளுக்கு மாறியிருந்தாள். தங்கை ஒரு படி பின்னால் வந்தாள்.

"அக்கா, அம்மா என்னை உன் மடியில போட்டப்போ, உன்னை இப்படிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த அறையிலிருந்து வந்த கையோடு அதைச் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை.

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நானே சின்னப் பொண்ணுடீ அப்ப."

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். முகம் சுண்டிப் போயிருந்தது. இன்னும் நாலு படி இறங்கிய பிறகு அக்கா நின்றாள்.

"இப்பக் கேளு."

"என்னது?"

"உன்னைப் பத்தித்தான். இப்பக் கேளு என்னை."

தங்கை ஒரு படி இறங்கி அக்காவுக்குப் பக்கத்தில் வந்தாள். "நான் வேணுமாக்கா உனக்கு?"

அக்கா சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. அதிகாரி சொன்னபடி யோசித்தாள்.

"வேணும்," என்றாள் அக்கா. பிறகு பட்டாணியின் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள்.