மாலை கழற்றும்வரை

...அப்படியானால் இன்று சாயங்காலத்துக்குப் பிறகு அவளை என்னவென்று கூப்பிடுவது, மணலூர்பேட்டைப் பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் இளவரசனுக்கு அந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக எழுந்தது, கீழே பெண்ணையாறு கார்த்திகை மழையில் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, முன்னாலும் பின்னாலும் நாற்பது பேர், எல்லோர் கழுத்திலும் உருத்திராட்ச மாலை, எல்லோருக்கும் ஒரே பெயர், சாமி... மாலை போட்டவருக்குத் தம் பெயர் கிடையாது, அண்ணன் தம்பியைச் சாமி என்கிறான், மாமியார் மருமகளைச் சாமி என்கிறாள், இருபத்தொரு நாளாகச் செந்தமிழ்ச்செல்வி தன் கணவனைச் சாமி என்கிறாள், அவனும் அவளைச் சாமி என்கிறான். சாமி சாப்பிட்டாச்சா, சாமி துண்டு எங்க, சாமி மழ வருது உள்ள வாங்க... இவ்வளவு எளிதாகவா இருந்தது பேச்சு? இருபத்திரண்டு மாதமாக ஒரே கூரையின்கீழ், சோற்றுத்தட்டை ஓசையெழ வைப்பதையும் கதவருகில் நின்று தொண்டையைச் செருமுவதையுமே மொழியாக வைத்திருந்த இரண்டு பேருக்கு இந்த மாலை ஒரு வார்த்தையை இரவல் கொடுத்திருந்தது, இன்று திருவண்ணாமலையில் குருசாமி கண்ணாயிரம் மாலையைக் கழற்றும்போது அதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அவர்களிடம் சொந்தமாக ஒரு வார்த்தை இருந்தது. மகள் சுபஸ்ரீ பிறந்த பத்தாம் நாள், தொட்டிலை ஆட்டிக்கொண்டே, சுபாப்பா அந்த விசிறிய எடுங்க என்று அவள் சொன்னாள், அவன் ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பிறகு சிரித்தான், மறுநாளே அவள் சுபாம்மா ஆகிவிட்டாள்... ஒன்பது ஆண்டுகள் வேறு பெயரே தேவைப்படவில்லை. அதற்கு முன் என்னவென்று கூப்பிட்டோம், ஏங்க, இந்தா... அவ்வளவுதான், ஆனால் அங்கே எப்படித் திரும்பிப்போவது, ஏங்க என்று அவள் மறுபடி தொடங்கினால் இடையில் ஒரு குழந்தை வந்துபோகவே இல்லை என்றாகிவிடாதா? ஒரு நாள் மோட்டார் கொட்டகையில் யாருமில்லாதபோது செந்தமிழ்ச்செல்வி என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான், ரேஷன் கடையில் யாரோ அட்டையைப் பார்த்துப் படிப்பதுபோல் இருந்தது, அதற்குப் பிறகு சொல்லிப் பார்க்கவில்லை.

"இன்னா இளவரசு சாமி, பொண்டாட்டி சாமிய வுட்டுட்டு முன்னால ஓடிக்கினு இருக்கிற? உனக்கு மட்டும் தனியா வரம் குடுத்துடுவாரா?" கண்ணாயிரம் கேட்டார், பக்கத்தில் வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், அவள் பக்கத்து வீட்டுக் கோகிலவாணியோடு பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தாள், ஈரச் சேலையின் விளிம்பைத் தூக்கிச் செருகியபடி, வெறுங்காலில். கண்ணாயிரம் தன் தம்பியோடு போன வாரம் போட்ட சண்டையை மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கினார், "அவனும் மால போட்டிருக்கான், நானும் போட்டிருக்கேன், திட்ட முடியுமா? 'சாமி, வரப்ப ஒரு அடி தள்ளி வெட்டினது நீங்கதான சாமி'ன்றேன், அவன் 'ஆமா சாமி, இன்னா பண்ணுவீங்க சாமி'ன்றான், கடசில ரெண்டு சாமியும் ஒண்ணா ஒக்காந்து டீ குடிச்சோம்," என்றார்... அவனும் சிரித்தான், சிரிக்க முடிந்தது, மாலை கழுத்தில் இருக்கிறவரை எதையும் செய்ய முடிகிறது போலும். பின்னால் தென்மேற்கே கல்வராயன் மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது, முன்னால் அண்ணாமலை இன்னும் தெரியவில்லை, இரண்டு மலையும் இல்லாத சாலை.

இந்த நடையே தேவையா என்று அவன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. குழந்தைக்காக வேண்டிக்கொண்டது, குழந்தை இல்லை, பிறகு எந்த வேண்டுதல்? சாவு நடந்த வீட்டுக்காரர் ஓராண்டு மலைக்கோயிலுக்குப் போகக்கூடாது, அந்த ஓராண்டு முடிந்ததுமே அவள் கேட்பாள் என்று நினைத்தான், அவள் இந்த ஐப்பசிவரை காத்திருந்தாள், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பொழைச்சா வரோம்னு நான் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் நடந்து வரோம், அவள வுட்டுடுன்னுதான் சொன்னேன். நடக்கறன்னு சொல்லிட்டேன்." பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக இருந்து மாசி மாதம் திதி கொடுக்கிறார், அதைப் பார்க்கச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறான்... பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளையாக வருகிற சாமி, பிள்ளைக்கு அப்பனாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவனுக்குப் பதிலாக அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடாதா?

பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து கரும்பு டிராக்டர் வந்தது. ஓரம் போங்க சாமி, ஓரம் ஓரம் என்று யாரோ கத்தினார்கள், எல்லோரும் சாலையை விட்டு இறங்கினார்கள், அவன் இறங்கவில்லை, தார் விளிம்பிலேயே வேகமாக நடந்தான், டிரெய்லர் அவனை உரசுவதுபோல் கடந்தது, வெட்டி ஒரு நாள்கூட ஆகாத கரும்பு, அந்த வாசனை... அன்றைக்கும் அதே வாசனைதான். தை மாதம், நான்கு மாதமாகக் காத்திருந்த வெட்டு உத்தரவு வந்திருந்தது, ஆலை குறித்த தேதியை விட்டால் மறுபடி எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள், வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கிவிடும், சுபாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நான்காம் நாள் காலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், சூடு இல்லை, விட்டுவிட்டது என்று லோடு ஏற்றிக்கொண்டு போனான். ஆலை வாசலில் அவனுக்கு முன்னால் அறுபது வண்டி. மதியம் அவள் போனில் கூப்பிட்டாள். "கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்குது சுபாப்பா." அவன், வண்டி இரண்டடி நகர்கிறதே என்று பார்த்துக்கொண்டே, சொன்னான், "ஜில்லுன்னு இருந்தா காய்ச்சல் வுட்டுடுச்சின்னு அர்த்தம் சுபாம்மா, கஞ்சி குடு, எறக்கிட்டு வந்துடறேன்." சிரித்துக்கொண்டுகூடச் சொன்னான். டெங்குக் காய்ச்சலில் உடம்பு குளிர்வதுதான் ஆபத்தின் தொடக்கம் என்று மறுநாள் மதியம் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் அவனுக்கு விளக்கியபோது விளக்கம் யாருக்கும் பயன்படாத நேரம் ஆகியிருந்தது. செந்தமிழ்ச்செல்வி அவனைக் குறை சொல்லவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை, சுபாப்பா என்றும் கூப்பிடவில்லை... தொலைபேசியில் சொன்னதுதான் கடைசி. அவனும் சுபாம்மா என்ற வார்த்தையைத்தான் இறுக்கிப் பிடித்து மூடியிருந்தான், ஜில்லுன்னு இருக்குது என்பதோடு ஒட்டியே இருந்தது அது, ஒன்றை எடுத்தால் மற்றதும் வரும்.

"சாமி!"

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், அவன் நடந்தான், டிராக்டர் திருப்பத்தில் மறைகிறவரை நிமிரக்கூடாது என்பதுபோல் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தான். "சாமி!" மறுபடியும். நாலைந்து பேர் திரும்பினார்கள். "எந்த சாமிய கூப்புடுற சாமி? இங்க இருக்கிற அத்தினி பேரும் சாமிதான்," கோகிலவாணியின் குரல், சிரிப்பு, பிறகு ஒரு சின்ன மௌனம், அந்த மௌனத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொள்வது இவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டதாகவே அவனுக்கு இப்போதும் படுகிறது...

"சுபாப்பா!"

கால் நின்றது. மனம் அதற்குப் பிறகுதான் நின்றது. திரும்பியபோது முழுக் கூட்டத்திலும் அவன் ஒருவன்தான் திரும்பியிருந்தான், அவள் கிலோமீட்டர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள், வலது காலை இடது முழங்காலில் தூக்கி வைத்து, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. டிராக்டருக்காகச் சாலையோரம் இறங்கியதில் வேலிக்கருவேல முள். அவன் ஓடினான், அன்று ஆலை வாசல் வண்டி வரிசையிலிருந்து ஓடியிருக்க வேண்டிய ஓட்டம் என்று ஓடும்போதே தோன்றியது, மண்டியிட்டான், அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள், பாதம் சேறும் மழைநீருமாக ஜில்லென்றிருந்தது, அவன் கை ஒரு கணம் தயங்கியதை அவள் கவனித்தாள், காலை இழுத்துக்கொள்ளவில்லை. முள் ஆழமாக ஒடிந்திருந்தது. ஊக்கு முனையால் தோலை விலக்கி, நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தான், வந்தது, ஒரு துளி ரத்தமும் வந்தது. நிமிர்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருபத்திரண்டு மாதத்தில் முதன்முறையாக நேராக, எதையோ கொடுத்துவிட்டுக் கையை இன்னும் மடக்காதவள்போல. சொல், சொல்லிவிடு, ஒரே ஒரு வார்த்தை, அவள் சொல்லிவிட்டாள், இனி உன் முறை... அது நாக்கின் நுனிவரை வந்தது, கூடவே ஆலை வாசலும் வந்தது, அவன் சிரிப்பும் வந்தது.

"வலிக்குதா சாமி?" என்றான்.

அவள் ஊக்கை வாங்கி வளையலில் மாட்டிக்கொண்டாள், அது ஒரு முறை தவறி மறுமுறை மாட்டியது. "இல்ல சாமி," என்றாள், எழுந்தாள், காலை ஊன்றிப் பார்த்துவிட்டு அவனைக் கடந்து நடந்தாள், கொஞ்சம் விந்தியபடி. கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உள்ளங்கையில் முள்ளோடு அங்கேயே மண்டியிட்டிருந்தான்... இருபத்தொரு நாளாக, மாலை கழன்றால் இருவருமே வார்த்தையற்றுப் போவோம் என்றல்லவா பயந்துகொண்டு வந்தான், அவளுக்கும் அதே பயம்தான் என்று, ஆனால் அவள் அந்த இரவல் வார்த்தையைக் கழற்றப் பாலத்தைத் தாண்டியதும் தயாராகிவிட்டாள், அல்லது போட்ட அன்றே, அல்லது அதற்கும் முன்பே, எத்தனை நாளாக, கதவருகில் அவன் தொண்டையைச் செருமிய எத்தனை முறை அவள் சுபாப்பாவை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்? மேகம் கொஞ்சம் விலகி வடக்கே மலையின் தலை தெரிந்தது, அரோகரா என்று நாற்பது பேரும் கை தூக்கினார்கள், அவளும் தூக்கினாள். கிலோமீட்டர் கல்லில் இருபது என்றிருந்தது. அவன் எழுந்து அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தான், வாயைத் திறந்தான், மூடினான், இன்னும் இருபது கிலோமீட்டர்...