காப்புக் கட்டில் நின்ற மாத்திரை

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அன்று கட்டிலருகே இருந்தவர்கள் நால்வர்: ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார் கருத்தப்பாண்டி, மருமகள் காளீஸ்வரி, அங்கே மருந்து கொடுக்கும் ஊழியர் பெலிக்ஸ், கடைசியாக சொந்த ஊரான மகாராஜபுரத்திலிருந்து வந்து சேர்ந்த பங்காளி சுந்தரபாண்டியன். கட்டிலில் கிடந்தவன் கருத்தப்பாண்டியின் ஒரே மகன் விக்னேஷ்வரன்.

மகனுக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டுக்குள் மட்டும் தெரியும். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று ராஜபாளையத்தில் மருந்து வாங்க வைத்தவர் கருத்தப்பாண்டிதான். மாத்திரை தீருமுன் பெலிக்ஸ் போன் போடுவார். தூக்கம் கெடுகிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா என்று விசாரிப்பார். மகன் தேறி டிராக்டர் ஓட்டினான். ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்றார்கள்.

பங்குனிப் பொங்கல் வந்தது. காப்பு கட்டியவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது. முதல் காப்பு கருத்தப்பாண்டி வீட்டுக்குத்தான். மாத்திரை தீரப்போகிறதே என்று மகன் தயங்கினான்.

"நம்ம வீட்டுக் கைதான்லே முந்தி நீளணும். நீ ஒளிஞ்சா ஊரு காரணம் கேக்கும்," என்று அவன் கையைப் பிடித்து நீட்டியவர் அவரே.

வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாக பெலிக்ஸ் போனில் சொன்னார். "எங்க வாசல்ல மருந்துக்காரன் காலு படக்கூடாது," என்று சொல்லி, கருத்தப்பாண்டி மகன் போனில் அந்த நம்பரையே வர விடாமல் செய்துவிட்டார். காப்பு அவிழ்த்த பிறகும் உறவுக்காரர்கள் போகட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். கேட்க ஆளில்லாமல் மகனும் விட்டுவிட்டான். மாதங்கள் போயின. இருமல் வந்தது. காசநோய் என்று ராஜபாளையத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"காசநோய்க்கு மருந்து போகுது ஐயா. பொறவு அந்த மாத்திரையையும் ஆரம்பிச்சிருவாங்க. விடாம சாப்பிட்டா தேறிருவாரு. நான் கூப்பிட்டா மட்டும் எடுக்கணும்," என்றார் பெலிக்ஸ்.

"மாமா எடுக்க விடமாட்டாவ சார். என் நம்பர வச்சுக்கோங்க," என்றாள் காளீஸ்வரி.

அணிவகுப்புகளில் வளையாத கருத்தப்பாண்டியின் கழுத்து தாழ்ந்தது. எல்லையில் காவல் நின்றவர், சொந்த மகனைக் காக்கவில்லை.

அப்போதுதான் சுந்தரபாண்டியன் இளநீரோடு நுழைந்தார்.

"அண்ணே, ஊருல ஒரே பேச்சு. காப்போட இவன் ராத்திரி எல்லை தாண்டிட்டானாம், சாமி அடிச்சிருச்சாம். கெடா வெட்டுனா சரியாப் போயிருமாம். கறி திங்க இப்பமே ஆளு தயார்."

விக்னேஷ்வரன் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அப்பாவின் ஒரு தலையாட்டல் போதும், பழி அவனோடு நின்றுவிடும். வீட்டு மானம் தப்பிவிடும்.

கருத்தப்பாண்டி மகனின் கையைப் பிடித்தார்.

"இவன் எல்லை தாண்டல. சாமியும் அடிக்கல. நித்தம் திங்க வேண்டிய மாத்திரைய நிப்பாட்டுனது நான்."