காற்றில்லாத காலை

வெளிச்சம் வரத் தொடங்கியதிலிருந்து விமானி ஓடுதளத்தின் ஓரத்தில் நடந்துகொண்டே இருந்தாள். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. நிற்பாள், அதை நிமிர்ந்து பார்ப்பாள், மறுபடியும் நடப்பாள். பயிருக்கு மருந்து தெளிக்கும் அந்தச் சிறிய விமானத்தை ஓட்டுவது அவள் பொறுப்பு. மருந்தைக் கலந்து ஏற்றுவது அவளுடைய கொழுந்தனின் பொறுப்பு.

"அண்ணி, நீங்க நடக்கிற நடையில ஓடுதளமே தேஞ்சுடும். அப்புறம் எங்கேருந்து ஏறுவீங்க?"

"வாயை மூடிட்டு, காத்து வருதான்னு பாரு."

"காத்து உங்க மாமியார் மாதிரி. கூப்பிட்டா வராது, வேண்டாம்னா வந்து நிக்கும்."

"அது உன் அம்மாதானே?"

"அதனாலதான் இவ்வளவு சரியா சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. காற்று அசையாத விடியற்காலைதான் மருந்து தெளிக்க ஏற்றது என்று பலரும் எண்ணுகிறார்கள், அது தவறு. இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும். வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் கிடக்கும். அந்த மூடிக்குக் கீழே சிக்கிய நுண்துளிகள் இலையிலும் இறங்குவதில்லை, மேலே சென்று கலைவதும் இல்லை. பள்ளம் பார்த்து நகர்ந்து, அடுத்தவர் இடத்தில் போய் இறங்கும். மிதமான காற்று ஒரே திசையில் வீசினால்தான் துளி எங்கே விழும் என்று கணிக்க முடியும்.

இதையெல்லாம் அறிந்துதான், மறுநாள் பறப்பதில்லை என்று முந்தைய மாலையே முடிவு செய்திருந்தாள்; அடுத்த நாளுக்காவது காற்று எழுமா என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலுக்கு அப்பால் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் அம்மாளுக்கும் போன் செய்து சொல்லியிருந்தாள். தெளிப்பதற்கு முந்தைய மாலை அவள் சொல்ல வேண்டும்; இரவே அவர் பெட்டிகளின் வாசல்களை அடைக்க வேண்டும். அது இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு. நேற்று, அடைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

பருத்தி வயலின் சொந்தக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடப் பொறுமையின்றி, அதைக் கொழுந்தன்மேல் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். உள்ளங்கையில் ஒரு பிஞ்சுக் காய் இருந்தது. அதை நகத்தால் பிளந்து காட்டினார்.

"பாருங்கம்மா. நேத்து பூவுல இருந்த புழு இன்னிக்குக் காய்க்குள்ள போக ஆரம்பிச்சிடுச்சு. எல்லாம் உள்ளே போயிட்டா மருந்து என்ன செய்யும்?"

"காத்து நிக்குது அண்ணே. இப்ப அடிச்சா உங்க வயல்ல விழாது."

"போன தடவை காத்து ஜாஸ்தின்னீங்க. இப்ப காத்தே இல்லைங்கிறீங்க. உங்களுக்குப் பிடிச்ச காத்தை எந்தக் கடையில வாங்கிட்டு வரட்டும்?"

அவள் பதில் சொல்வதற்குள் கொழுந்தன் அருகில் வந்து தொண்டையைச் செருமினான்.

"மருந்தைக் கலந்தாச்சு அண்ணி."

"யாரைக் கேட்டுக் கலந்தே?"

"ராத்திரியே இவரு போன் பண்ணி அழுதாரு. காலையில எப்படியும் போவீங்கன்னு நினைச்சேன்."

கலந்த மருந்து மறுநாளுக்குத் தாங்காது. வயல்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பறக்க மறுப்பது விமானிக்கு உள்ள உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் சும்மா நிற்பதைவிட இருக்கையில் ஏறி அமர்வது எளிதாக இருந்தது. மேலே போய், காற்றின் போக்கு தெரியப் புகைவிட்டுப் பார்த்து, சரியில்லையென்றால் திரும்பிவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புகைவிட்டுப் பார்த்தாள். எஞ்சினின் சூடான புகைக்குழாயில் சொட்டிய எண்ணெய் வெண்புகையாக வெளிவந்தது. அது மேலெழவில்லை, மர உச்சியளவில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மாறாக, தாழப் பறந்தால் துளி தரையைத் தொட்டுவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மின்கம்பியைத் தாண்டி இறங்கிச் செடிகளின் தலையை உரசுவதுபோல் ஓட்டினாள். கைப்பிடியைத் தள்ளினாள். இறக்கைகளின் அடியிலிருந்து மருந்து பீறிட்டது. வயலின் முடிவில் தெளிப்பை நிறுத்தி, மூக்கைத் தூக்கி, வளைந்து, மீண்டும் இறங்கினாள். அந்த வேலையில் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வில்லை. மனம் மட்டும் பின்னாலேயே இருந்தது.

வயலில் பாதி முடிந்திருந்தது. ஒரு திருப்பத்தில் இறக்கைக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். தெளித்த மருந்தில் பெரும்பகுதி கீழே விழவேயில்லை. வெள்ளைத் துப்பட்டி ஒன்றை யாரோ இழுத்துச் செல்வதுபோல், அது வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி, பள்ளத்தின் வழியே தேனீப் பெட்டிகளை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

கைப்பிடியை இழுத்து மூடினாள். பாரத்தோடு தரையிறங்குவது ஆபத்து என்பதையும் பொருட்படுத்தாமல் இறங்கினாள்.

"என்னம்மா, பாதியில வந்துட்டீங்க?" என்று வயல்காரர் ஓடி வந்தார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கொழுந்தனின் போனைப் பிடுங்கிப் பெட்டிக்கார அம்மாளை அழைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"விடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் தாழ்ந்த குரலில். "வெயில் ஏறினா தானா கலைஞ்சுடும். நீங்களே போய்ச் சொன்னா உங்க லைசென்ஸ் போயிடும். யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன். வண்டிச் சாவியைக் குடு."

மண்சாலையில் வேன் குதித்துக் குதித்து ஓடியது. வெயில் பெட்டிகளைத் தொட்டதும் தேனீக்கள் வெளியே வரத் தொடங்கும். வந்துவிட்டால் அடைத்துப் பயனில்லை. மேகம் ஏதேனும் வரக்கூடாதா என்று வானத்தைப் பார்த்தாள். அது துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

பெட்டிக்கார அம்மாள் கொட்டகையில் தேனடைச் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் போன் வீட்டிற்குள் இருந்தது.

"அக்கா, பெட்டிய அடைங்க. மருந்து வருது. நான்தான் அடிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை.

"பறக்கலைன்னு சொன்னியே?"

"சொன்னேன். பறந்துட்டேன்."

"கையைக் கழுவு. சட்டையையும் மாத்து. அந்தத் துணியோட என் பெட்டிகிட்ட வராதே."

அவருடைய பழைய சட்டையொன்றை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். இருவரும் ஈரத்துணிக் கீற்றுகளை வாசல்களில் திணித்துக்கொண்டே வரிசை வரிசையாகச் சென்றனர். அவசரத்தில் அவள் ஒரு பெட்டியை இடித்தபோது, "மெதுவா! இது உன் விமானமில்லை," என்று அதட்டல் வந்தது. வாய்க்கால் ஓரத்து வரிசையில் வெயில் முதலில் விழுந்திருந்தது. அங்கே தேனீக்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. அவர்கள் அதை நெருங்குமுன் மருந்தின் காட்டம் மூக்கைத் தாக்கியது. அம்மாள் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"அது போச்சு. வா இந்தப் பக்கம்."

கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தனர். சற்று நேரத்தில் அந்த வரிசைக்கு முன்னால் தரை கறுத்து, துடித்து, அடங்கியது.

வெயில் ஏறி, காட்டம் கலைந்தபின், அடைத்த பெட்டிகள் சூடேறாமல் இருக்க ஈரச் சாக்குகளைப் போர்த்தினர். உள்ளிருந்து வந்த இரைச்சல் பெருகிக்கொண்டே போனது. விமானியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"புகார் குடுங்க அக்கா. நான் மறுக்க மாட்டேன்."

"நான் என்னன்னு குடுக்கிறது? எனக்குத் தெரிஞ்சது செத்த தேனீ மட்டும்தான். மேலே என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவ நீ. நீயே சொல்லு. இங்கேயே, என் காதுல விழற மாதிரி."

உரிமம் வழங்கும் அதிகாரியை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். பெட்டிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள்.

"நடக்காதே. உள்ளே இருக்கிறதுங்க இன்னும் மிரளும்."

நின்றாள். காலின் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் அதிகாரியின் தூக்கக் குரல் கேட்டது.

"காத்து நிக்கிறப்போ மருந்து அடிச்சேன் சார். அது தேனீப் பெட்டிங்க பக்கம் போயிடுச்சு. ஒரு வரிசை முழுக்கப் போச்சு."

"புகைவிட்டுப் பார்க்கலையா?"

"பார்த்தேன். படுத்துச்சு. அதுக்கப்புறமும் அடிச்சேன்."

அதிகாரியின் குரலில் தூக்கம் கலைந்தது.

"பார்த்த பிறகுமா?"

"ஆமாம் சார்."

"நான் சொல்ற வரைக்கும் விமானத்தைத் தொடாதீங்க. விசாரணைக்கு வர வேண்டியிருக்கும்."

"வரேன் சார். பருத்தி வயல் பாதி பாக்கி இருக்கு. புழு காய்க்குள்ள போகுது. வேற யாரையாவது அனுப்ப முடியுமா?"

"பார்க்கிறேன். சாயங்காலம் காத்து எழும்பினா ஒருத்தர் வரலாம்."

பெட்டிக்கார அம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

"வர்றவர் யாரோ, அவர்கிட்ட என் நம்பரைக் குடுக்கச் சொல்லு," என்றார். "ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட பேசணும்னும் சொல்லு."

விமானி சொன்னாள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொல்லி, அதிகாரி திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே போனை வைத்தாள். முதலில் போர்த்திய வரிசையின் சாக்குகள் அதற்குள் உலர்ந்துவிட்டன. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே சென்றாள்.