சொந்த மைதானத்தில் எட்டரைக் கஜம்

1978இல் ஆடிய அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களில், வெளியூர் மைதானங்களில் டெல்பர்ட் மூனி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக நாலரைக் கஜம் முன்னேறினான். அதே ஆண்டு, அதே கால்கள், சொந்த மைதானத்தில் எட்டரைக் கஜம். ஏன் என்று கஸ் ஹவ்ரில்லாவுக்கு மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

எதிரணிகள் சொத்தையா என்று பார்த்தார். இல்லை, அந்த 1978ஆம் ஆண்டில் அவனுடைய டாரோ கிரீக் பள்ளி அணியை ஒரு கை பார்த்த பெல்ஃபோர்டும் ஸ்டான்டன் மில்ஸும் இங்கே வந்து ஆடிய அணிகள்தாம். மழை, சேறு, காற்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. தானே அந்த அணியில் வலது கார்டாக ஆடியவர் கஸ். முன்வரிசையில் நின்று எதிரியைத் தள்ளி டெல்பர்ட்டுக்கு வழி திறந்துவிடுவது அவர் வேலை. சொந்த ஊரில் கூடுதலாகத் தள்ளியதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

விடை தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இருந்தது. அணிக்கு நூறு வயது. உடற்பயிற்சிக் கூடத்தின் வெளிச்சுவரில் நூறாண்டின் தலைசிறந்த பதினொரு பேரை வரையப்போகிறார்கள். பத்து முகங்கள் முடிவாகிவிட்டன. பாக்கி இருப்பது ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிறவன். குழுவில் மூன்றே பேர். நார்ப் டட்டிலின் ஓட்டு டெல்பர்ட்டுக்கு. ரோசலீ பெட்ராகிஸின் ஓட்டு 1997இல் ஆடிய டாரியஸ் லக்கெட்டுக்கு. மூன்றாவது ஓட்டு கஸ்ஸுடையது. திங்கட்கிழமை ஓவியர் ஏணியோடு வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில், தவக்காலத்து மீன் வறுவல் வரிசையில், ரோசலீ அவரைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்ன கஸ், முடிவு பண்ணிட்டியா, இல்ல ஓவியர் வந்து காசு சுண்டிப் பாக்கணுமா?"

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மூனியோட ஆயிரத்து நானூத்திப் பதினஞ்சு கஜம்னு பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில எழுதி வச்சிருக்காங்களே, அது ஊதிவிட்ட பலூன். வெளியூர்ல எண்ணினது எதிராளி. இங்க எண்ணினது உங்க எக்லண்ட். பையனுக்கு அள்ளிக் குடுத்திருக்காரு மனுசன்."

"எக்லண்டா? தூண்டில்ல மாட்டின மீனையே அரை அங்குலம் கொறச்சுச் சொல்ற ஆளு அவரு."

"அப்ப நீயே சொல்லு, எப்படி வந்துச்சு?"

கஸ் தட்டில் இருந்த முட்டைக்கோஸ் கூட்டைக் கிளறிக்கொண்டு நின்றார். நண்பன் டெல்பர்ட்டுக்கு ஓட்டுப் போட்டால், இறந்துபோன நேர்மையான எக்லண்டைப் பொய்யர் என்று ஊர் பேசும். போடாவிட்டால் பலகையில் இருக்கும் எண்ணைக் காரணமே இல்லாமல் தட்டிக்கழித்ததாகும்.

மறுநாள் காலையில் எக்லண்டின் பழைய ஆட்டத் தாள்களையும் வெளியூர் ஆட்டத் தாள்களையும் எடுத்துக்கொண்டு டெல்பர்ட்டின் சைலன்சர் பட்டறைக்குப் போனார். எக்லண்ட் நில அளவையர். வழக்கமாகக் கணக்கு எழுதுகிறவர் கால் முறிந்து படுத்ததால் அந்த ஓர் ஆண்டு மட்டும் சொந்த ஊர் ஆட்டங்களுக்கு எழுத வந்தார். அதற்கு முன் ஃபுட்பால் பார்த்ததில்லை. ஆனால் தாளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், திசை, அரைக் கஜம் வரை தூரம்.

காருக்கு அடியிலிருந்து டெல்பர்ட் சறுக்கி வெளியே வந்தார். "வாடா குண்டா. சுவத்துல என் மூக்கை ஒழுங்கா வரையச் சொல்லு. பெல்ஃபோர்டுக்காரன் ஒடைச்சதுக்கு முன்னாடி இருந்த மூக்கு."

"பெல்ஃபோர்டுன்னதும் ஞாபகம் வருது. நம்ம மைதானத்துல, மூணாவது கால்பகுதியில, நான் வழுக்கி விழுந்தேனே?"

"மறப்பேனா? நீ புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்த. ரெண்டு மாடு மாதிரி வந்து என் மேல விழுந்தானுங்க. பந்து வச்ச கோட்டைத் தொடவே விடலை. ரெண்டு கஜம் நட்டம்."

கஸ் தாளைப் புரட்டினார். மூன்றாவது கால்பகுதி, வலப்பக்க ஓட்டம், மூனி. எதிரே 'கூட்டல் 2'.

"கூட்டல்னு போட்டிருக்குடா."

"கழித்தல்டா அது. என் இடுப்பைக் கேட்டுப் பாரு, சொல்லும்."

கஸ் எல்லாத் தாள்களையும் பெஞ்சில் பரப்பிவைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரலை ஓட்டினார். வெளியூரில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டம். அதில் பதினேழு முறை டெல்பர்ட் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்பட்டு நட்டம். சொந்த ஊரில் நூற்றெட்டு ஓட்டம்; ஒரு முறைகூட நட்டம் இல்லை. எந்த ஓட்டக்காரனுக்கும் அப்படி நடக்காது. ஓர் ஆண்டு முழுக்க ஒரு கார்டுகூடச் சறுக்காத அணி இருக்க முடியாது என்பது சறுக்கிய கார்டுக்குத் தெரியாதா?

"டெல்பர்ட், எந்திரி. நம்ம வலப்பக்க ஓட்டத்தை ஒரு தடவை ஆடிக் காட்டு."

"அறுபத்துமூணு வயசுல?"

"நடந்தா போதும்."

பட்டறை முற்றத்தில் எண்ணெய் டப்பா ஒன்றைப் பந்து இருக்கும் இடமாக வைத்தார் கஸ். அதன் வழியாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஓட்டக்காரனின் கஜம் இந்தக் கோட்டிலிருந்துதான் எண்ணப்பட வேண்டும். தாண்டினால் கூட்டல், தாண்டாவிட்டால் கழித்தல். பந்தை வாங்கி ஓட்டக்காரனிடம் கொடுக்கும் குவார்ட்டர்பேக் செய்வதுபோல ஒரு துணிச்சுருளை எடுத்துக்கொண்டு கஸ் பின்வாங்கித் திரும்பினார். ஏழு கஜம் பின்னால் நின்ற டெல்பர்ட் முன்னால் வந்தார். யோசிக்காமலே இரண்டு கைகளும் வயிற்றருகே திறந்தன. துணி கைமாறியது.

"அப்படியே நில்லு. ஒரு அடி நகரக் கூடாது."

அளவு நாடாவை இழுத்தார். டெல்பர்ட்டின் காலிலிருந்து கோடு வரை நான்கு கஜம். வலம், இடம், நடு என மூன்று முறை ஆடிப் பார்த்தார்கள். மூன்று முறையும் நான்கு, ஓரிரு அங்குலம் முன்னே பின்னே.

"நாப்பத்தாறு வருசம் ஆச்சு, காலு மறக்கலை பாத்தியா?" என்றார் டெல்பர்ட். அப்புறம் கஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, சொல்லித் தொலை."

"எக்லண்ட் நிலம் அளக்குறவரு. ஒருத்தன் ஓடினா, எங்க ஆரம்பிச்சான், எங்க முடிச்சான்னு அளப்பாரு. நீ பந்தைக் கையில வாங்கின எடத்துல இருந்து அளந்திருக்காரு. பெல்ஃபோர்டு ஆட்டத்துல கோட்டுக்கு நாலு கஜம் பின்னால வாங்கின, ரெண்டு கஜம் பின்னால விழுந்த. அவர் கணக்குல கூட்டல் ரெண்டு."

"அந்த ரெண்டு கஜம் ஓடினேன்தானே?"

"ஓடின. ரோசலீ சொல்ற மாதிரி அவர் பொய் எழுதலை. விதிதான் தெரியலை."

டெல்பர்ட் துணிச்சுருளைப் பிரித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "கழிச்சா எவ்வளவு மிஞ்சும்?"

கஸ் தாளின் ஓரத்தில் எழுதினார். "தொள்ளாயிரத்து எண்பத்து மூணு."

"ஆயிரம்கூட இல்லையா?"

"பதினேழு கொறச்சல்."

டெல்பர்ட் துணியைப் பெஞ்சில் போட்டார். "லக்கெட் பய எவ்வளவு?"

"இருநூத்தியோரு ஓட்டத்துல ஆயிரத்து நூத்தி இருபத்தாறு. எல்லாமே கோட்டுல இருந்து எண்ணினது. நானே பழைய வீடியோவைப் போட்டுச் சரிபாத்துட்டேன்."

"அப்ப என்ன யோசனை? ரோசலீக்கு ஃபோன் போடு. ஆனா எக்லண்டைப் பொய்யன்னு சொன்னதுக்கு மொதல்ல அவ மன்னிப்புக் கேக்கணும்." காருக்கு அடியில் மறுபடியும் சறுக்கிப் போனார். உள்ளிருந்து ஸ்பேனரின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

கஸ் ரோசலீயை அழைத்து, கணக்கை வரிவரியாகச் சொன்னார்: 1978இல் டெல்பர்ட் சொந்த மைதானத்தில் ஓடிய நூற்றெட்டு ஓட்டங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு கஜம் கழிக்க வேண்டும். கழித்தால் எட்டரை நாலரையாகிறது, வெளியூர்ச் சராசரியோடு பொருந்துகிறது. லக்கெட்டின் சராசரி ஐந்தரைக்கும் மேல். ஆகவே சுவரில் வர வேண்டியது டாரியஸ் லக்கெட்.